நோயாளி கொடுத்தான், கம்பெனி வேலி போட்டது!

ஒரு சீனிப் பருக்கையை ஐம்பது கூறு போடுங்கள். அதில் ஒரு கூறின் எடை ஏறக்குறைய 10 மைக்ரோகிராம் இருக்கும். அவ்வளவு பொடியை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, குளிர்ப் பெட்டியில் வைத்து, விமானத்தில் ஏற்றி நமது தேசத்து ஆராய்ச்சிசாலைகளுக்கு அனுப்புகின்றன அன்னியக் கம்பெனிகள். விலை? பல ஆயிரம் ரூபாய். குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் ஓர் எச்சரிக்கை: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது.

உள்ளே இருப்பது என்ன? தங்கமா? ரேடியமா? இல்லை. அது ஒரு மனிதப் புரதம். எரித்ரோபொயட்டின் என்று பெயர். சங்கரன்கோவில் விசைத்தறிக் கொட்டகையில் இரவு ஷிப்டு நிற்கும் தோழரின் உடம்பிலும், வயலில் களை பறிக்கும் சகோதரியின் உடம்பிலும் இந்த நிமிஷம் சுரந்துகொண்டிருக்கிற அதே புரதம். நமது உடம்பில் சும்மா ஊறுகிற ஒன்று குப்பியில் ஏறியதும் பல ஆயிரம் ரூபாய் ஆவது எப்படி? நடுவே புகுந்தவன் யார்? இதைத்தான் கேட்க வந்திருக்கிறோம்.

நமக்கென்ன என்பவர்களுக்கு

"கூலி உயர்வைப் பேசுங்கள், ரேஷன் அரிசியைப் பேசுங்கள். ஆராய்ச்சிசாலைச் சங்கதி படித்தவர்கள் பாடு" என்று சிலர் சொல்லக் கூடும். கூலியையும் பேசுவோம், இதையும் பேசுவோம். ஏனென்றால் இது நம் ரத்தத்தின் சங்கதி.

உடம்பில் ரத்தம் குறைந்து பிராணவாயு போதாமல் போனால், அதை முதலில் அறிவது சிறுநீரகம். உடனே அது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைக்கு ஒரு சேதி விடுகிறது: "சிவப்பணு போதவில்லை, இன்னும் செய்!" தறியில் நூல் தீர்ந்தால் மேஸ்திரி சீட்டு எழுதிக் கிடங்குக்கு அனுப்புவதில்லையா? அந்தச் சீட்டுதான் எரித்ரோபொயட்டின். இப்படி ரத்தத்தின் வழியே சேதி சுமந்து செல்லும் ஒரு வகைப் புரதங்களுக்கு விஞ்ஞானிகள் சைட்டோகைன் என்று பெயர் வைத்தார்கள். கொரோனா பரவிய 2020-லும் 2021-லும் பத்திரிகைகளில் "சைட்டோகைன் புயல்" என்று படித்தோமே, அந்த இனம்தான்.

சேதி அளவு மீறினால் புயல். சேதியே நின்றுபோனால்? சிறுநீரகம் பழுதானவனுக்கு அதுதான் நேர்கிறது. டயாலிசிஸ் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், சீட்டு எழுதாது. சீட்டு வராததால் மஜ்ஜை சும்மா கிடக்கும். முகம் வெளுக்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆகவே டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தப் புரதத்தை ஊசியாகப் போட வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இந்த வகை மருந்தைத் தனது அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. நமது தேசியப் பட்டியலிலும் அது உண்டு.

சிறுநீரகம் யாருக்குப் பழுதாகிறது? சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் ஏழை பணக்காரன் என்று பார்ப்பதில்லை. ஆனால் இந்த இரண்டும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் ஜில்லாவின் உத்தானம் பகுதி விவசாயிகள், இலங்கையின் வட மத்திய மாகாணத்து நெல் விவசாயிகள், எல் சால்வடாரின் கரும்புத் தோட்டத் தொழிலாளிகள் – இவர்களெல்லாம் ஒரே துயரத்தின் பங்காளிகள். தமிழ்நாட்டிலும் சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 2025-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குச் சிறுநீரக நோய் இருப்பது தெரிந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. தண்ணீர் குடிக்கவும் நிழலில் நிற்கவும் நேரமில்லாமல் வெயிலில் வேலை வாங்கப்படுவது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் கருதுகிறார்கள்.

ஆகவே நமக்கென்ன என்று யாரும் சொல்ல வேண்டாம். நோய் நம்முடையது. அந்த நோயை ஆராயக் குப்பிகள் வேண்டும். குப்பியின் விலையை வேறொருவன் வைக்கிறான்.

யார் கண்டது? யார் கொடுத்தது?

கம்பெனிகளின் விளம்பரத்தைப் படித்தால், இந்தப் புரதத்தை அவர்களே பெற்று வளர்த்தது போலத் தோன்றும். சரித்திரம் வேறு கதை சொல்கிறது.

இப்படி ஒரு சேதிப் பொருள் இருக்க வேண்டும் என்று 1906-லேயே பாரிஸில் கார்னோ, டெஃப்லாண்டர் என்ற இருவர் சொன்னார்கள். 1953-ல் அமெரிக்காவில் ஆலன் எர்ஸ்லெவ் முயல்களைக் கொண்டு அது உண்டென்று காட்டினார். 1955-ல் சிகாகோ சர்வகலாசாலையில் யூஜின் கோல்ட்வாஸர் என்ற விஞ்ஞானி அதைத் தனியே பிரித்தெடுக்க இறங்கினார். 1957-ல் அவரும் அவருடைய சகாக்களும் அது பிறக்கும் இடம் சிறுநீரகம் என்று காட்டினார்கள். பிறகு செம்மறியாட்டு ரத்தத்தில் வருஷக் கணக்காகத் தேடினார்கள். அளவு மிகச் சொற்பம். இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. அத்தனை வருஷமும் சோறு போட்டது யார்? அமெரிக்க சர்க்காரின் அணுசக்திக் கமிஷனும், பிறகு அதன் தேசிய சுகாதார ஸ்தாபனமும். அதாவது அந்த நாட்டு ஜனங்களின் வரிப்பணம்.

கதவு திறந்தது ஜப்பானிலிருந்து. மஜ்ஜை வற்றிப்போகும் ஒரு கொடிய ரத்தசோகை உண்டு. சிறுநீரகம் சீட்டு மேல் சீட்டாக அனுப்பும். மஜ்ஜையால் வேலை செய்ய முடியாது. கேட்பாரற்ற சீட்டுகள் மூத்திரத்தில் வழிந்துவிடும். குமமோட்டோ நகரத்து டகாஜி மியாகே என்ற விஞ்ஞானி அப்படிப்பட்ட நோயாளிகளிடம் 2,550 லிட்டர் மூத்திரத்தைச் சேகரித்தார். நமது பெண்கள் சுமக்கும் 15 லிட்டர் குடத்தில் அளந்தால் 170 குடம்! அதை வற்ற வைத்துச் சிகாகோவுக்குக் கொண்டு சென்றார். இரு தரப்பாரும் சேர்ந்து உழைத்து 1977-ல் சுத்தமான மனித எரித்ரோபொயட்டினைப் பிரித்தார்கள். கிடைத்தது சுமார் 8 மில்லிகிராம். சில கடுகின் எடை.

அந்த நோயாளிகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக இல்லை. அவர்கள் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கோல்ட்வாஸர் பெயரில் இதற்குப் பேடண்ட் எடுக்கப்படவும் இல்லை.

யார் கொண்டது?

1980-ல் கலிபோர்னியாவில் ஆம்ஜென் என்றொரு கம்பெனி பிறந்தது. கோல்ட்வாஸர் தமது அரிய புரதத்தை அதற்குக் கொடுத்து உதவினார். அதை வைத்துக்கொண்டு, அங்கே வேலை பார்த்த, தைவானில் பிறந்த ஃபூ-குயென் லின் என்ற விஞ்ஞானி 1983-ல் அந்தப் புரதத்துக்கான மனித ஜீனைக் கண்டுபிடித்தார். அந்த ஜீனை சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்லுக்குள் புகுத்தினார்கள். செல் பெருகும், பெருகப் பெருக மனிதப் புரதத்தைக் கக்கும். பெரிய தொட்டியில் தீனி போட்டு வளர்த்து வடிகட்டி எடுக்க வேண்டியதுதான். ஜீனை வெட்டி ஒட்டிச் செய்வதால் இதை மறுசேர்க்கைப் புரதம் என்கிறார்கள்.

இதிலும் கவனியுங்கள். ஜீனை வெட்டி ஒட்டும் வித்தையை 1973-ல் வகுத்தவர்கள் சர்வகலாசாலை விஞ்ஞானிகள். அந்த வெள்ளெலிச் செல்லை 1957-ல் வளர்த்தெடுத்தவர் கொலராடோ சர்வகலாசாலையின் தியோடர் பக். அடித்தளம் பொது, சுவர் பொது, உத்திரம் பொது. கடைசி ஓட்டை வேய்ந்தவன் வீட்டையே பத்திரம் எழுதிக்கொண்டான்!

1987-ல் கம்பெனிக்குப் பேடண்ட் கிடைத்தது. 1989-ல் மருந்து சந்தைக்கு வந்தது. ஒரு பேடண்ட் முடியும் முன் இன்னொன்று, எதிர்த்து வந்தவன் மேல் வழக்கு மேல் வழக்கு. ஐரோப்பாவில் 2007-லேயே மாற்று எரித்ரோபொயட்டின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அப்படி ஒன்று அனுமதி பெற 2018 ஆயிற்று. இருபத்தொன்பது வருஷம் வேலி நின்றது! 1990-களிலேயே ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டியது. பணம் கொடுத்தது யார்? 1972-ல் இயற்றிய சட்டப்படி அமெரிக்காவில் டயாலிசிஸ் செலவின் பெரும்பகுதியை சர்க்கார்தான் ஏற்கிறது. கண்டுபிடிக்கவும் ஜனங்களின் பணம், கண்டுபிடித்ததை வாங்கவும் ஜனங்களின் பணம். கோல்ட்வாஸருக்கு ராயல்டி ஒரு காசு இல்லை. 2010-ல் அவர் காலமானார்.

லாபம் ருசித்தவன் அளவோடு நிற்பானா? இந்த மருந்தை அளவு மீறிக் கொடுத்தால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழியாகும் என்று 2007-ல் அமெரிக்க மருந்து இலாகா கடும் எச்சரிக்கை போட வைத்தது. இதே இனத்தைச் சேர்ந்த தனது இன்னொரு மருந்தை அனுமதியில்லாத முறையில் விற்க முயன்ற குற்றத்தை 2012-ல் அதே கம்பெனி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அது தொடர்பாக 76 கோடியே 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. இவர்கள்தான் விஞ்ஞானத்தின் காவலர்களாம்!

"துணிந்து பணம் போட்டவனுக்கு லாபம் வேண்டாமா?"

இது முதலாளிகளின் பழைய பாட்டு. நியாயமாகவே பதில் சொல்வோம். லின்னும் அவரோடிருந்தவர்களும் கண் துஞ்சாமல் உழைத்தார்கள். அது அரிய உழைப்பு, ஊதியம் வேண்டும். தொட்டி கட்டவும் தூய்மையைச் சோதிக்கவும் பணம் வேண்டும், அதையும் எடுத்துக்கொள்ளட்டும். நாம் மறுக்கவில்லை.

ஆனால் துணிந்தவன் கம்பெனி ஒருவன்தானா? கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் இருபது வருஷம் ஆட்டு ரத்தத்தில் தேடியது துணிச்சல் இல்லையா? அந்த வருஷங்களில் எந்த முதலாளி வந்து பணத்தைக் கொட்டினான்? இருட்டில் நடந்தது பொதுப் பணம். விடிந்த பிறகு வந்து சேர்ந்தது முதலாளியின் பணம். கூலி கேட்கட்டும், கொடுப்போம். கிணறு வெட்டியதில் கடைசிக் கூடை மண்ணை அள்ளியவன் ஊர்த் தண்ணீரையே சொந்தம் என்றால், அதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளாது!

நம் நாட்டில் வேலி தாண்டிய கதை

இந்த ஊசி அமெரிக்காவின் தயவால் இந்திய ஏழைக்குக் கிடைக்கவில்லை. சட்டத்தால் கிடைத்தது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பேடண்ட் சட்டம் அன்னியக் கம்பெனிகளுக்கே காவல் நிற்கிறது என்பதை, 1959-ல் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் தமது அறிக்கையில் எடுத்துக் காட்டினார். அதை அடியொற்றி 1970-ல் புதிய சட்டம் பிறந்தது. 1972-ல் அமலுக்கு வந்தது. மருந்து என்ற பொருளுக்குப் பேடண்ட் கிடையாது, செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அது சொன்னது. ஒரே துணியை வேறு தறியில் நெய்யலாம் என்பது போல.

அந்தச் சட்டம் உயிரோடு இருந்ததால்தான், அமெரிக்காவில் வேலி நின்ற காலத்திலேயே, 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நமது நாட்டிலேயே எரித்ரோபொயட்டின் செய்து விற்க முடிந்தது. போட்டி வந்தது, விலை இறங்கியது. பிறகு உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005-ல் பொருளுக்கே பேடண்ட் மறுபடி நுழைந்தது. அப்போதும் பார்லிமெண்டில் இடதுசாரிகள் வற்புறுத்தியதால், பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுப் பேடண்ட் வாங்கும் தந்திரத்துக்கு 3(டி) பிரிவு தடை போட்டது. அந்தப் பிரிவைக் கொண்டுதான் 2013-ல் நோவார்டிஸ் கம்பெனியின் புற்றுநோய் மருந்து வழக்கைச் சுப்ரீம் கோர்ட் தள்ளியது.

இதன் படிப்பினை ஒன்றுதான். விலை தானாக இறங்குவதில்லை. இறக்க வேண்டியிருக்கிறது.

குப்பிக்கு மட்டும் ஏன் கேள்வி இல்லை?

இப்போது மறுபடி அந்தச் சின்னக் குப்பிக்கு வருவோம். நோயாளிக்குப் போடும் 4,000 யூனிட் ஊசியில் இருக்கும் புரதம் 30 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஆராய்ச்சிக்கென்று வரும் சின்னக் குப்பியில் இருப்பது 10 மைக்ரோகிராம். மூன்றில் ஒரு பங்கு! ஊசி மருந்து கிருமியில்லாமல், மனித உடம்புக்கு ஏற்றபடி, கடும் சோதனை தாண்டி வருகிறது. ஆராய்ச்சிக் குப்பிக்கு அவ்வளவு சோதனை இல்லை; அதனால்தான் மனிதருக்குக் கொடுக்கக் கூடாது என்று சீட்டு. கொஞ்சமாகச் செய்வதால் செலவு கூடும் என்பார்கள். கூடட்டும். ஆனால் எவ்வளவு கூடும் என்று கணக்குக் கேட்டது யார்? ஊசி மருந்து சர்க்காரின் உச்சவரம்பு விலைக்குக் கட்டுப்பட்டது. குப்பிக்கு எந்த வரம்பும் இல்லை. ஊசியை ஜனங்கள் அறிவார்கள். குப்பியை அறிய மாட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

குப்பியின் விலை யார் தலையில் விழுகிறது? சர்க்கார் கல்லூரியில் படிக்கும் ஏழை வீட்டு மாணவன் தலையில். பத்து முறை செய்து பார்க்க வேண்டிய சோதனையை அவன் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறான். வெயிலில் நம் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்ற கேள்விக்குப் பதில் அந்த அளவுக்குத் தாமதமாகிறது.

டில்லிக் கனவான்கள் இதில் செய்தது என்ன? 2024 ஜூலை பட்ஜெட்டில் வெளிநாட்டிலிருந்து வரும் ஆராய்ச்சிசாலை ரசாயனங்களுக்கு இறக்குமதி வரியை 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ஏற்றினார்கள்! இந்தப் பெயரில் சாராயம் நுழைவதைத் தடுக்கவாம். எலிக்குப் பயந்து களஞ்சியத்துக்குத் தீ வைத்த கதை. விஞ்ஞானிகள் கூக்குரல் எழுப்பினார்கள். பத்து நாள் ஆவதற்குள், ஆராய்ச்சிக்கென்று வாங்குகிறவர்களுக்குப் பழைய 10 சதவீதமே என்று இறங்கி வந்தார்கள். கூக்குரல் எழுந்ததால் இறங்கியது என்பதை மறக்க வேண்டாம். ஆனால் வரியை ஏற்றிய கையால் உள்நாட்டில் செய்ய ஓர் ஆலை கட்டினார்களா? அதுதான் இல்லை.

நமது ஆலைகள் எங்கே?

செய்ய முடியாத தேசமா இது? 1954-ல் பூனாவுக்கு அருகே பிம்ப்ரியில் பொதுத்துறை பென்சிலின் ஆலை எழுந்தது. 1961-ல் சோவியத் உதவியோடு இந்திய மருந்துக் கழகம் பிறந்தது. ரிஷிகேஷிலும் ஹைதராபாத்திலும் மருந்து, சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைக் கருவிகள். அன்னியக் கம்பெனிகளின் கொட்டம் அடங்கியதில் இந்த ஆலைத் தொழிலாளிகளுக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கழகத்தை மூடிவிட 2016 டிசம்பரில் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது.

செங்கல்பட்டில் சுமார் 600 கோடி ரூபாய்த் திட்டமாகப் பொதுத்துறைத் தடுப்பூசி வளாகம் ஒன்று கட்டப்பட்டது. 2021-ல் கொரோனாவில் ஜனங்கள் மூச்சுக்குத் தவித்தபோது அங்கிருந்து ஒரு தடுப்பூசி கூட வெளிவரவில்லை. தொட்டியும் இயந்திரமும் சும்மா நின்றன. இது திறமையில்லாததால் வந்த கோலமா? இல்லை. மனமில்லாததால் வந்த கோலம்.

எரித்ரோபொயட்டினின் மூலப் பேடண்டுகள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. வெள்ளெலிச் செல் கிடைக்கிறது, ஜீனின் எழுத்து முழுவதும் புத்தகத்தில் இருக்கிறது, செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். வேலி விழுந்து வருஷங்கள் ஆகின்றன. விழுந்த வேலிக்கு வெளியே நாம் ஏன் இன்னும் கும்பிட்டு நிற்க வேண்டும்?

நாம் கேட்பது

1. ஆராய்ச்சிசாலைகளுக்கு வேண்டிய மனிதப் புரதங்களை, முதலில் பேடண்ட் முடிந்தவற்றை, செய்து அடக்க விலைக்குக் கொடுக்கும் பொதுத்துறை ஆலை வேண்டும். சும்மா நின்ற தொட்டிகளுக்கு வேலை கொடுங்கள்.

2. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையை இறக்கிக் காட்டியிருக்கிறது. சர்க்கார் கல்லூரிகளின் ஆராய்ச்சிப் பொருள்களையும் அப்படி ஒரே கையாக வாங்க வேண்டும்.

3. பொதுப் பணத்தில் கண்டுபிடித்ததைக் கம்பெனிக்குக் கொடுத்தால், விலைக்கு வரம்பும் பொதுமக்களுக்குப் பங்கும் எழுதி வாங்கிக்கொண்டே கொடுக்க வேண்டும்.

4. டயாலிசிஸுக்கு வரும் ஒவ்வொரு ஏழைக்கும் இந்த ஊசி தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். "ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கு" என்ற பேச்சு எந்த சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் எழக் கூடாது.

5. கோடையில் வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்வோருக்குக் குடிதண்ணீர், நிழல், உச்சி வேளை ஓய்வு ஆகியவற்றைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும். ஊசி தேவைப்படாமல் செய்வதே முதல் வைத்தியம்.

விசைத்தறித் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! இதைச் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள். உங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர் இருந்தால், ஊசி கிடைக்கிறதா, எத்தனை முறை வெளியே வாங்கச் சொன்னார்கள், பஸ் கட்டணமும் போன கூலியும் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கோடு ஜில்லா அதிகாரிகளின் முன் நிற்போம்.

ஜப்பானிய நோயாளிகள் காசு கேட்டுக் கொடுக்கவில்லை. தங்களைப் போல் இன்னொருவன் வாடக் கூடாது என்பதற்கே அது பயன்பட வேண்டும். அவர்கள் கொடுத்ததை அவர்களைப் போன்ற எளியவர்களிடம் கொண்டு சேர்க்கும்வரை நமக்கு ஓய்வில்லை!